கல்யாணம் ஆனால் தெளியுமா?

"கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்; பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்" என்ற பழமொழியை வேடிக்கைக்காகச் சொல்லிச் சிரிப்பவர்கள் நம்மில் பலர். ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகிற இந்த எல்லைப்புற ஊர்களில், வயது வந்த பிள்ளை ஒருவன் இரவெல்லாம் உறங்காமல் உலாவினாலும், மாதக்கணக்கில் அறையை விட்டு வெளியே வராமல் சுருண்டு கிடந்தாலும், உறவினர் கூடி முதலில் சொல்லும் யோசனை, "ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதாகவே இன்றும் இருக்கிறது. சினிமாவும் இந்த நம்பிக்கைக்குத் தன்னாலியன்ற தூபம் போட்டே வந்திருக்கிறது. ஆயினும், 2012ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, காதலும் குடும்பமும் மனோவியாதிக்கு எந்த அளவில் துணை, எந்த அளவில் துணையல்ல என்பது விளங்கும்.

இரண்டு படங்கள், ஒரு வியாதி

முதலாவது, ஐஸ்வர்யா இயக்கத்தில் தனுஷும் சுருதி ஹாசனும் நடித்த '3'. பள்ளிக்கூடத்துக் காதலும், சிவகார்த்திகேயனின் ஹாஸ்யமுமாகத் துள்ளிச் செல்லும் முற்பாதியைக் கண்டு சிரித்துக்கொண்டிருந்த ரசிகர்கள், பிற்பாதியில் கதாநாயகன் ராமுக்கு இருமுனை மனநோய் கண்டிருப்பதையும், அதை அவன் மனைவியிடமிருந்து மறைத்து, ஒரே ஒரு நண்பனின் துணையோடு தனியே போராடுவதையும் கண்டு திகைத்தார்கள். அவன் மரணத்தில் கதை முடிகிறது.

இரண்டாவது, மாத்யூ குவிக் எழுதிய நாவலைத் தழுவி டேவிட் ரஸ்ஸல் இயக்கிய 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' என்னும் அமெரிக்கப் படம். அதே வியாதிக்காக எட்டு மாதம் மருத்துவமனையில் இருந்து பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிற பாட் என்பவனும், கணவனை இழந்து மனம் நொந்த டிஃபனி என்ற பெண்ணும் ஒரு நடனப் போட்டிக்காகச் சேர்ந்து பயிற்சி செய்வதுதான் கதை. பாட்டுக்கு வைத்தியம் செய்யும் டாக்டர் படேலாக வருபவர் நம் அனுபம் கேர். அந்த வீட்டில் ஒளிவு மறைவு என்பதே இல்லை. நள்ளிரவில் புத்தகத்தை ஜன்னல் வழியே வீசிவிட்டு, பெற்றோரை எழுப்பி அதன் முடிவைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற மகனை அண்டை அயலார் அனைவரும் அறிவர். கைக்குட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி, தொலைக்காட்சிப் பெட்டியின் ரிமோட்டுகளைக் குறிப்பிட்ட திசையில் அடுக்கி வைத்தால்தான் தன் கால்பந்துக் கட்சி ஜயிக்கும் என்று நம்புகிற தகப்பனாரைப் பார்க்கும்போது, இந்த வீட்டில் வியாதியஸ்தர் மகன் ஒருவன்தானா என்ற ஐயமும் எழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் மட்டுமே வியாதியஸ்தன் அல்லன் என்ற உண்மையை இதைவிட நயமாகச் சொல்ல முடியாது.

முன்னதில் வீடு அறியவில்லை. பின்னதில் வீடு அறிந்திருந்தது. இரு கதைகளின் முடிவும் அந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

வியாதியின் இயல்பு

இருமுனை மனநோய் என்பது வெறும் கோபமோ, பிடிவாதமோ, வளர்ப்புக் குறையோ அன்று. மனத்தின் உற்சாகத்தையும் சோர்வையும் அளவோடு நிறுத்துகிற மூளையின் ஏற்பாடு நிலைகுலைவதால், சில வாரங்கள் ஒருவர் தூக்கமே தேவையின்றி, வாய் ஓயாமல் பேசி, கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரியிறைத்து, தம்மால் ஆகாத காரியமே இல்லை என்ற பிரமையில் திளைப்பார். பின்னர் அதே மனிதர், குளிக்கவும் உண்ணவும் மனமின்றி, வாழ்வே வீண் என்று குமைந்து கிடப்பார். இரண்டுக்கும் இடையே மாதங்களோ வருஷங்களோ முற்றிலும் நலமாக இருப்பதும் உண்டு. "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான்" என்று வீட்டார் ஏமாறுவது இதனாலேதான். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும், அதாவது வரன் பார்க்கிற பருவத்திலேயே, இது தலைகாட்டுகிறது.

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை.

காலண்டரில் எழுதிய எண்கள்

சித்தூரில் எனக்குப் பழக்கமான ஓர் இல்லத்தில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் திருப்பதி தேவஸ்தானத்துக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு தேதியின் மூலையிலும் பென்சிலால் 7, 7, 6, 7 என்று ஓர் எண். பால் கணக்கு போலும் என்று நினைத்தேன். "பெரியவன் ராத்திரி தூங்கின மணிக் கணக்கு சார்" என்றார் அவ்வீட்டு அம்மாள். "ரெண்டு நாள் சேர்ந்தாப்பல 4ன்னு விழுந்துட்டா, மூணாம் நாளுக்குக் காத்திருக்க மாட்டேன்; டாக்டருக்குப் போன் பண்ணிடுவேன்."

உறக்கம் குறைவது இந்த வியாதி மீண்டும் கிளம்புவதற்கு அறிகுறி மட்டுமன்று, பல சமயங்களில் காரணமும் அதுவே என்பதை அந்த அம்மாள் எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர், அனுபவத்தில் கற்றவர். மகனைக் கடிந்துகொள்ளாமல், துப்பறியாமல், எண்ணை மட்டும் குறித்து வைக்கிறார்.

இந்தப் பொறுமையின் அருமையை ஆராய்ச்சியும் உணர்த்தியிருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் அறிஞர் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளில், மனச்சிதைவு என்னும் வேறொரு மனநோய் கண்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின், ஓயாமல் குற்றங்கூறுகிறவர்களும், அளவுக்கு மீறித் தலையிடுகிறவர்களும் நிறைந்த குடும்பங்களில் வியாதி விரைவில் திரும்புவது தெரியவந்தது. பின்னர் சண்டிகரில் இதே அளவுகோலைக் கொண்டு ஆராய்ந்தபோது, இந்தியக் குடும்பங்களில் அத்தகைய கடுமை லண்டனைவிடக் குறைவு என்று 1987இல் அறிவித்தார்கள். நம் வீடுகளின் பொறுமை ஓர் ஔஷதம். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக நிற்கும் ஔஷதம் அன்று. அமெரிக்கப் படத்தின் நாயகன் பாட் என்பவனும் மாத்திரையை மறுத்தவரையில் கலகம் செய்தான், உட்கொள்ளத் தொடங்கிய பின்பே நடனத்தில் கால் பதிந்தது.

விரதமும் யாத்திரையும்

1949இல் ஆஸ்திரேலிய வைத்தியர் ஜான் கேட் அறிவித்த லித்தியம் என்னும் உப்பு, இன்றளவும் இவ்வியாதிக்குச் சிறந்த மருந்துகளுள் ஒன்று. ஆனால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாதலால், குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்து அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நிலையையும் அறிந்துவர வேண்டும்.

லித்தியம் உட்கொள்ளும் நம் பக்கத்து மக்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். புரட்டாசிச் சனிக்கிழமையென்று நீரும் அருந்தாமல் விரதமிருப்பதும், சித்திரை வெயிலில் அலிபிரியிலிருந்து திருப்பதி மலையின் 3,550 படிகளை வியர்வை வழிய ஏறுவதும், வாந்தி பேதியின்போது அலட்சியமாயிருப்பதும், மூட்டு வலிக்கென்று கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் அபாயத்தைத் தருவன. கை கடுமையாக நடுங்கி, பேச்சுக் குழறி, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். கியூ காம்ப்ளக்ஸில் இரவு முழுதும் கண்விழித்துக் காத்திருப்பதும் இவர்களுக்கு ஆகாது. பகல் நேரத்துத் தரிசனத்துக்கு முன்பதிவு செய்துகொள்வது நலம். பெருமாளைத் தரிசிக்க வேண்டாம் என்பதல்ல. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தண்ணீர்ப் புட்டியோடு போய் வாருங்கள் என்பதே.

விவாகப் பேச்சு வரும்போது

மனநோய் கண்டவர் மணம் புரியலாகாது என்று வைத்தியமும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் தடை செய்வது, சம்மதம் அளிக்கவோ இல்லறம் நடத்தவோ இயலாத அளவுக்கு முற்றிய நிலையையும், அடிக்கடி திரும்பும் பித்துநிலையையும்தான். ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து நடத்திய விவாகத்தை அதே சட்டம் செல்லாததாக்க இடம் தருகிறது. சட்டம் இருக்கட்டும், மணமான மறுநாளே, மாத்திரை வெளியில் தெரிந்துவிடுமே என்று அஞ்சி அதை நிறுத்திவிடுகிற பிள்ளைகளும் பெண்களும் எத்தனை பேர்! கல்யாண வீட்டுக் கண்விழிப்பும், நிறுத்திய மருந்தும் சேர்ந்தால், மறுவீடு முடியுமுன்பே வியாதி திரும்புவதில் வியப்பென்ன? கருத்தரிக்கும் வயதுடைய பெண்களோ மற்றொன்றும் அறிய வேண்டும்: வால்ப்ரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது, ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்று மருந்தைத் தேட வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

எங்கே செல்வது?

சென்னையில் கீழ்ப்பாக்கம், ஹைதராபாத்தில் எர்ரகட்டா என்று மனநல ஆஸ்பத்திரி உள்ள இடத்தின் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். அந்த ஏச்சுக்கு அஞ்சியே பலர் வாசற்படி தாண்டுவதில்லை. சித்தூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் உள்ள வேலூரை அடுத்த பாகாயத்தில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் நடந்துவருகிறது. நோயாளியோடு குடும்பத்தாரில் ஒருவரும் உடன் தங்கி, வியாதியைப் பற்றிக் கற்று, சிகிச்சையில் பங்குகொள்வது அதன் வழக்கம். திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரூயா அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளியே போகத் தயங்குகிறவர்கள், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை, 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலோ தெலுங்கிலோ அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் சொன்னால், அதை மிரட்டலென்று ஒதுக்காமல், அவரைத் தனியே விடாமல், அப்போதே அழையுங்கள்.

கல்யாணம் பைத்தியத்தைத் தெளிவிக்காது. சிகிச்சை தெளிவிக்கும், தெளிந்தவர்கள், எல்லோரையும் போல, கல்யாணமும் செய்துகொள்ளலாம். வரன் வீட்டாரிடம் ஜாதகத்தைக் கொடுக்கிற அன்றே மாத்திரைச் சீட்டையும் காட்டிவிடுங்கள்.