பல்லைப் பிடுங்குமுன் சற்றுப் பொறுங்கள்!

காலையில் முகம் கழுவுகிறீர்கள். கை கன்னத்தில் பட்டதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் 'சுரீர்' என்று ஒரு வலி. சில விநாடிகள், மிஞ்சினால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் போய்விடுகிறது. சோறு மென்றால், பல் துலக்கினால், காற்றுப் பட்டால்கூட மறுபடி வருகிறது.

எங்கள் தோட்டத்தில் முன்பு பால்மரம் வெட்டிய அத்தை ஒருவருக்கு இப்படித்தான் வந்தது. (இப்போது அங்கே பால்மரம் ஏது? எல்லாம் செம்பனை.) சொத்தைப் பல் என்றெண்ணி ஒன்றன்பின் ஒன்றாக மூன்றைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றும் நல்ல பற்கள்! வலியோ போகவில்லை. மெல்லப் பயந்து கஞ்சியோடு கிடந்தார். செய்வினை என்று மந்திரிக்கவும் கூட்டிப்போனார்கள்.

குற்றம் பல்லில் இல்லை, நரம்பில். மூளையிலிருந்து முகத்துக்கு வரும் ஐந்தாம் நரம்பு நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என மூன்று கிளையாகப் பிரிகிறது. பல்லுக்கும் உணர்வு தருவது அதுவே, அதனால்தான் ஏமாந்துபோகிறோம். பெரும்பாலும் ஓர் இரத்தக்குழாய் அந்த நரம்பை அழுத்தி, அதன் மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை உரிந்த மின்கம்பிபோல் ஆகிவிடுகிறது நரம்பு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் வரும். இந்தி நடிகர் சல்மான் கான் இதற்காகவே 2011-இல் அமெரிக்கா சென்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அவருக்கும் செய்வினையா?

பெனடோலுக்கு இந்த வலி கேட்காது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸிபின் மாத்திரைதான் 1960-களிலிருந்து முதல் மருந்து. பக்கத்து வீட்டில் இருக்கிறதே என்று வாங்கி விழுங்கிவிடாதீர்கள்! ஒருவகை மரபணு உள்ளவர்களுக்கு இது தோலையே உரித்து உயிரைக் குடிக்கலாம். 2004-இல் தைவானில் கண்டறிந்த உண்மை இது. அந்த மரபணு நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் காய்ச்சல், வாய்ப்புண், தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மற்றபடி, வலி நின்றதென்று நீங்களாக நிறுத்தக்கூடாது.

அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். வேறு கட்டி ஏதும் அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மாத்திரை கேட்காதவர்களுக்கு, நரம்புக்கும் இரத்தக்குழாய்க்கும் இடையே சிறு திண்டு வைக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

அத்தைக்கு மாத்திரையே போதுமாக இருந்தது. போன தீபாவளிக்கு முறுக்குக் கடித்தார், மிச்சமிருக்கும் பற்களால்.