முள்வேலிக்குள் ஒரு நகரம்: மெனிக் ஃபார்ம் முகாமில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னா என்ன பண்ணுவோம்? தேனி ரோட்டுக்கு வந்து பஸ் ஏறுவோம். யார்கிட்டயும் அனுமதி கேட்க மாட்டோம். 2009-ல் இலங்கையின் வவுனியா மாவட்டத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான தமிழர்களுக்கு இந்தச் சாதாரண விஷயம்தான் மறுக்கப்பட்டது.

அது என்ன முகாம்?

2009 மே மாதம் விடுதலைப் புலிகளுடனான போர் முடிந்ததாக இலங்கை அரசு அறிவித்தது. வன்னியில் போருக்குள் சிக்கி உயிர் தப்பி வந்த சுமார் 2.8 லட்சம் மக்களை ராணுவம் முகாம்களுக்குக் கொண்டு சென்றது. அவற்றில் மிகப் பெரியது செட்டிக்குளம் பகுதியில் இருந்த மெனிக் ஃபார்ம்.

காட்டை அழித்து, சுமார் 700 ஹெக்டேரில் கூடாரங்களும் தகரக் கொட்டகைகளும் போடப்பட்டன. 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை சுமார் 2.07 லட்சம். கிட்டத்தட்ட அந்த ஊர் மொத்தத்தையும் சில வாரங்களில் ஒரு வேலிக்குள் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாச்சலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பிரமுகர்களின் பெயர்களையே வைத்தார்கள். அரசு இதை 'நலன்புரி நிலையம்' என்று அழைத்தது. ஆனால், சுற்றிலும் முள்வேலி, காவலுக்கு ராணுவம்.

ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

பெரும்பாலும் வரிசையில். முதலில் தண்ணீர். பக்கத்தில் ஓடும் அருவி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தும், லாரிகளில் கொண்டுவந்தும் கொடுத்தார்கள். அது போதவில்லை. அவசரகால முகாம்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதுகூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது சாப்பாடு. தொடக்கத்தில் பொதுச் சமையல்கூடம். பிறகு அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை என உலர் உணவு. ஐந்து பேருக்கான கூடாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தங்கின. முன்பின் தெரியாதவர்கள் ஒரே கூரையின் கீழ். உடை மாற்றக்கூட மறைவு கிடையாது. ஆகஸ்டில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. கழிப்பறைக் குழிகள் நிரம்பி வழிந்தன.

இதற்கு நடுவிலும் பிள்ளைகள் படித்தார்கள். நம்ம ஊர் பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சையை அந்த ஆகஸ்டில் முகாமுக்குள்ளேயே எழுதினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களோ வேலிக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

அரசு சொன்ன காரணம் என்ன?

இரண்டு காரணங்கள். மக்களோடு கலந்திருக்கும் புலிகளை அடையாளம் காண வேண்டும். ஊர்களில் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டும். கண்ணிவெடி ஆபத்து உண்மைதான். ஆனால், வேறு ஊரில் உறவினர் வீட்டில் போய்த் தங்குவதற்கும் கண்ணிவெடிக்கும் என்ன சம்பந்தம்? மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்வி இதுதான்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 1998-ல் வந்தன. அதன் 12-வது நெறி, இவர்களை முகாமில் அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. தவிர்க்கவே முடியாத சூழலில் அடைத்தாலும், தேவைக்கு மேல் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது. இது ஒப்பந்தம் அல்ல, வழிகாட்டுதல்தான். அதனால் மீறினால் நேரடித் தண்டனை இல்லை.

கதவு எப்போது திறந்தது?

2009 டிசம்பர் 1 முதல் அனுமதி பெற்று வெளியே போய்வர விட்டார்கள். முகாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில். கடைசியாகக் கிளம்பியவர்களில் முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாபுலவு மக்களும் உண்டு. அவர்களுடைய நிலம் ராணுவத்தின் வசம் இருந்ததால், வேறு இடத்தில்தான் குடியமர்த்தப்பட்டார்கள்.

நம்ம ஊர் முகாம்களும் இப்படித்தானா?

இல்லை. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்கே வசிப்பவர்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் வெளியே போய்வருகிறார்கள். ஆனால், வருகைப் பதிவு, அதிகாரிகளின் தணிக்கை என்ற கட்டுப்பாடுகள் உண்டு. 2021-ல் தமிழக அரசு இவற்றை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் உள்ள 'சிறப்பு முகாம்' வேறு வகை. அங்கிருந்து நினைத்தபோது வெளியே வர முடியாது.

ஆக, எல்லாவற்றுக்கும் பெயர் 'முகாம்'தான். அடுத்த முறை உலகின் எந்த மூலையிலிருந்து முகாம் செய்தி வந்தாலும், பெயர்ப்பலகையை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். உள்ளே இருப்பவர் தானாக வெளியே போக முடியுமா? எந்த உத்தரவின்படி அடைத்திருக்கிறார்கள்? விடுவிக்கும் தேதியை யார் முடிவு செய்வது? மெனிக் ஃபார்மில் இருந்தவர்களுக்கு அந்தத் தேதியைப் பல மாதங்கள் யாருமே சொல்லவில்லை.