புண்படுத்தும் பெயருக்குப் பதிவு உண்டா?

வணிகச் சின்னமாக ஒரு பெயரைப் பதிவு செய்தவருக்கு, குறிப்பிட்ட சரக்குக்கு அதைப் பயன்படுத்தும் தனியுரிமை 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரரோ, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி உற்பத்தியாளரோ விண்ணப்பித்தால், சென்னையிலுள்ள பதிவகம் அதைப் பரிசீலிக்கும். வேறொருவர் பெயரோடு குழப்பம் வருமா என்பதுடன், அந்தப் பெயர் யாரையேனும் புண்படுத்துமா என்றும் பார்க்கும்.

1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9(2) பிரிவு, எந்தப் பிரிவு மக்களின் சமய உணர்வையும் புண்படுத்தக்கூடிய சின்னங்களையும், இழிவான, ஆபாசமான சின்னங்களையும் பதியக்கூடாது என்கிறது. 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுப்பவற்றுக்கும் பதிவு கிடையாது.

தெய்வப் பெயர் என்பதாலேயே விண்ணப்பம் தள்ளுபடியாவதில்லை. எந்தச் சரக்குக்கு என்பது முக்கியம். ஆண்டாள் பெயரை இனிப்புக்குக் கேட்பதும் செருப்புக்குக் கேட்பதும் ஒன்றல்ல. புனித நூலின் பெயருக்கோ கட்டுப்பாடு கூடுதல். ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைப் பதிவு செய்யக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை எவரும் தனியுரிமையாகக் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் கோபுரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கோபுரப் படம் வேறு, அரசு முத்திரை வேறு. முத்திரையையோ அதன் சாயலையோ வியாபாரத்துக்கு எடுத்தாள்வதை 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஆபாசம் எது என்பதில் பதிவகமே தடுமாறியதும் உண்டு. இந்தி வசைச்சொல்லோடு 'ராம்' சேர்ந்த ஒரு பெயரை நொறுக்குத்தீனிக்கு ஏற்று, 2025 மார்ச்சில் தன் வணிகச் சின்ன இதழில் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும், தவறுதலாக ஏற்கப்பட்டதாகக் கூறி அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது.

இப்படிப் பதிவை மறுப்பது கருத்துச் சுதந்திரத்துக்குத் தடையா? வணிக விளம்பரமும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவின் பாதுகாப்பில் வரும் என்று 1995இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், கண்ணியம், ஒழுக்கம் ஆகியவற்றின் பெயரில் நியாயமான கட்டுப்பாடுகளை 19(2) அனுமதிக்கிறது. மேலும், பதிவு மறுக்கப்பட்டதாலேயே பெயரைப் பயன்படுத்தத் தடை வந்துவிடாது. பதிவு தரும் தனியுரிமைதான் கிடைக்காது. அரசு முத்திரை போன்றவற்றில் மட்டும் பயன்பாடே குற்றம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. ஆசிய அமெரிக்க இசைக்குழு ஒன்று, தம் இனத்தாரை ஏளனம் செய்யும் 'ஸ்லாண்ட்ஸ்' என்ற சொல்லையே பெயராக வைத்துப் பதிவு கேட்டது. இழிவுபடுத்தும் சின்னங்களுக்கு இருந்த தடையை 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒழுக்கக்கேடான சின்னங்களுக்கான தடையும் 2019இல் விழுந்தது.

இங்கே, இதழில் வெளியான சின்னத்தை எவரும் 4 மாதங்களுக்குள் எதிர்க்கலாம். சென்னைப் பதிவகம் மறுத்தால் விண்ணப்பதாரர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.