காட்டுக்குப் போகிறீர்களா? பையைத் திறந்து காட்டுங்கள்

பாபநாசத்தைத் தாண்டி மலைச்சாலை ஏறும் இடத்திலேயே வனத்துறை சோதனைச்சாவடி. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பையும் மதுபாட்டிலும் அதற்கு மேல் போகாது. ‘அய்யனாரக் கும்பிடப் போறோம், அதுக்கு எதுக்கு இம்புட்டு கெடுபிடி?’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பதில் காட்டுக்குள்தான் இருக்கிறது.

எது இந்தக் காடு?

முண்டந்துறை 1962-லும், சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் அமைந்ததுதான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே.

எங்கே போகலாம்?

பாபநாசம் பக்கம் அகஸ்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், காரையாறு, மணிமுத்தாறு அருவி, களக்காட்டில் தலையணை. எல்லாம் பகலில் மட்டும். தண்ணீர் பெருகினால் குளிக்கத் தடை வரும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. மலையேற்றத்துக்கு அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 பேரைப் பலிகொண்ட பிறகு விதிகள் இறுகின. 2024-ல் மாநிலம் முழுக்க 40 பாதைகளைக் குறித்து, வழிகாட்டியுடன் நடக்க இணையப் பதிவைத் தொடங்கியது அரசு.

புலி தெரியுமா?

அடர்ந்த காட்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. சாலையோரம் மிளா நிற்கலாம். கருமந்தியின் உறுமல் கேட்கலாம். சிங்கவால் குரங்கைப் பார்க்கக் கண்ணைவிடக் காது உதவும். கக்காச்சி போன்ற உயரமான மழைக்காடுகளில், உச்சிக்கிளை ஒன்று காற்றில்லாமல் அசையும். முள்தோல் துண்டுகள் பொத்துப்பொத்தென்று விழும். மேலே ஒரு கூட்டம் வெடிப்பலாவைப் பிளந்து விதை தின்றுகொண்டிருக்கும். கரிய முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. வால் நுனியில் குஞ்சம். பெரும்பாலும் மரத்துக்கு மரம் தாவியே வாழும் விலங்கு இது. மரங்களின் வரிசை அறுந்தால் தரைக்கு இறங்கியாக வேண்டும். தின்பண்டம் போட்டுப் பழக்கினால் சாலைக்கே வந்து வண்டியில் அடிபடும்.

ஏன் இந்தக் கெடுபிடி?

தாமிரபரணி பிறப்பது இந்த மலையில். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் சோலைக்காடும் புல்வெளியும் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. அதனால்தான் மழை நின்ற பிறகும் ஓடைகள் ஓடுகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலும் குடிநீர்க் குழாயும் அந்தக் கசிவை நம்பி இருப்பவை. மேலே வீசிய குப்பை, ஆற்றோடு கீழே வரும்.

காலையில் பேப்பரை விரித்ததும் பாபநாசம் அணையில் 143 அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பது நம்மூர்ப் பழக்கம். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டுவதும் அதே தண்ணீருக்காகத்தான்.