எங்க வீட்ல பிளாக் பரவின கதை

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி கேள்வி-பதில் பகுதியில ஒருத்தர் கேட்டிருந்தார்: "எங்கம்மா நல்லா கதை சொல்லுவாங்க. அவங்களை பிளாக் எழுத வைக்கிறது எப்படி?" நான் யோசிக்காம, "ஒரு பிளாக் ஓப்பன் பண்ணிக் குடுத்துடுங்க, எழுத ஆரம்பிச்சிடுவாங்க"ன்னு சொல்லிட்டேன். ரெக்கார்டிங் முடிஞ்சு பஸ்ல வர்றப்போதான் தோணுச்சு, சொன்னது சுத்தத் தப்பு. எங்க வீட்ல மொத்தம் ஆறு பேர். அதுல அஞ்சு பேர் பிளாக் எழுதியிருக்கோம். அந்த அஞ்சு பேர்ல யார்கிட்டயும் யாரும் "எழுது"ன்னு சொன்னதே கிடையாது. அப்புறம் எப்படிப் பரவுச்சு? இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல எழுதினது அத்தை. அப்பாவோட தங்கச்சி. 2006-ல பேங்க் வேலை மாற்றலாகி திருச்சியில இருந்து நாகர்கோவில் போனாங்க. ஹாஸ்டல்ல தனியா இருந்தாங்க, சாயங்காலம் பேச ஆள் இல்ல. பக்கத்துல பிரௌசிங் சென்டர் இருந்துச்சு. அது தமிழ் பிளாக் உலகம் சூடு பிடிச்சிருந்த நேரம். பிளாகர் 1999-லயே வந்தாச்சு, 2003-ல கூகுள் வாங்கியாச்சு, காசு கிடையாது. 2004-ல தமிழ்மணம் வந்துச்சு. அப்போ அங்க சேர்த்திருந்த தமிழ் பிளாக்ல யார் புதுசா எழுதினாலும் தலைப்பு முகப்புல வந்து நிக்கும். இதனால என்ன ஆகும்னா, நாகர்கோவில்ல ஒரு ஹாஸ்டல்வாசி மழையைப் பத்தி எழுதினா, அரை மணி நேரத்துல துபாய்ல ஒருத்தர் படிச்சிட்டு "எங்க ஊரு மழை!"ன்னு கமெண்ட் போட்டிருப்பார். அத்தையோட முதல் பதிவே மழைதான். வருஷத்துக்கு ரெண்டு பருவமழை பெய்யுற ஊருக்கு, வெயில்ல காயுற திருச்சிக்காரி போனா வேற எதை எழுதுவா?

சின்னதா ஒரு இடைச்செருகல். 'வெப்லாக்'ங்கிற வார்த்தையை 1997-ல உருவாக்கினவர் ஜோர்ன் பார்கர். 1999-ல பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டா அதை 'வீ பிளாக்'னு பிரிச்சு எழுதினார். அந்த 'வீ' உதிர்ந்து 'பிளாக்' மட்டும் மிஞ்சுச்சு. உதிர்ந்த 'வீ'க்கு 'நாங்க'ன்னு அர்த்தம். எங்க வீட்டுக்கு அதுதான் சரியான பேர்.

அத்தை லிங்க்கை அப்பாவுக்கு மெயில் பண்ணாங்க. அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறந்தா ஒரே கண்றாவி. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். எஞ்சினியரா இருந்துட்டு இதைச் சொல்லாம போனா தூக்கம் வராது. யூனிகோட்ல 'கெ' எப்படிச் சேமிக்கப்படுது தெரியுமா? முதல்ல 'க', அதுக்கப்புறம் கொம்பு. உச்சரிக்கிற வரிசை. நாம எழுதுறப்போ கொம்பு முன்னாடி வரும். அதை முன்னாடி நகர்த்தி வைக்க வேண்டியது திரையில எழுத்து வரையுற மென்பொருளோட வேலை. விண்டோஸ் எக்ஸ்பியில அந்த வேலைக்காரன் உறங்கிட்டிருப்பான். கண்ட்ரோல் பேனல்ல மொழிப் பகுதிக்குப் போய், ஒரு கட்டத்துல டிக் போட்டு, எக்ஸ்பி சிடியைப் போட்டாதான் எழுந்திரிப்பான். அந்த சிடிக்காக அப்பா ஆபீஸ்ல மூணு நாள் அலைஞ்சார். அந்த மூணு நாள் அலைச்சல் இல்லேன்னா இந்தக் கதை அத்தையோட நின்னிருக்கும்.

படிச்சவர் பிரிண்ட் எடுத்தார். ஆபீஸ் பேப்பர்தான், ரிட்டயர் ஆயிட்டார், இப்போ சொல்லலாம். வீட்டுக்குக் கொண்டு வந்து தாத்தாகிட்ட குடுத்தார். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தவர். மகள் எழுதினதைப் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல. சிவப்பு பேனாவை எடுத்து ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பிச்சிட்டார். அடுத்த வாரம் அந்தத் தாள் தபால்ல நாகர்கோவில் போச்சு. அத்தை இன்னும் வெச்சிருக்காங்க. "கமெண்ட் நூறு வந்துச்சுடா, ஆனா அப்பா எந்த வரி வரைக்கும் படிச்சார்னு சிவப்பு மை காட்டுச்சு"ன்னு சொல்வாங்க.

இங்கதான் முதல் தொற்று. தாத்தாவுக்குத் திருத்துறது போதல, பதில் சொல்லணும். பழைய நோட்டுல எழுதுவார். அதை டைப் அடிக்க ஆள் வேணும். எனக்கு அப்போ ஒன்பது வயசு. பிரௌசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபாய் குடுத்து என்னை உட்கார வெப்பார். இ-கலப்பைன்னு ஒரு இலவச மென்பொருள். 'அம்மா'வை ஆங்கில எழுத்துல அடிச்சா திரையில தமிழ்ல வரும். எனக்குத் தமிழ்ல டைப் அடிக்க வந்தது அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு மணி நேரத்துல கால் மணி எனக்கு கேம்ஸ். அதுதான் சம்பளம்.

பதில் நீண்டுகிட்டே போச்சு. அத்தைதான் சொன்னாங்க, "அப்பா, இது என் பதிவை விட பெருசா இருக்கு, தனியா ஒரு பிளாக் திறந்துடலாம்." திறந்தோம். நாகப்பட்டினத்துல இருந்த பணிமனை பொன்மலைக்கு வந்த கதை, நீலகிரி மலை ரயிலோட நீராவி என்ஜின் பழுதுபார்க்க வர்றப்போ ஆளுங்க சுத்தி நின்னு பார்த்தது, சங்கு ஊதினா ஊரே கடிகாரத்தைச் சரி பண்றது. என்ஜின் பத்தி அவர் எழுதினதைப் படிச்சிட்டுதான் நான் எஞ்சினியரிங் சேர்ந்தேன்னு சொல்ல ஆசைதான். பொய். கவுன்சிலிங்ல கிடைச்சதை எடுத்தேன்.

அம்மா விஷயம் வேற மாதிரி. அம்மாகிட்ட யாரும் பிரிண்ட் குடுக்கல. சாப்பாட்டு மேஜையில கிடந்ததை அவங்களா படிச்சாங்க. அத்தை லீவுல வந்தப்போ மெதுவா கேட்டாங்களாம், "இதுல எல்லாம் யாரு வேணா எழுதலாமா?" பிளாகர்ல ஒரு வசதி உண்டு: ஒரு பிளாக்ல நூறு பேர் வரைக்கும் ஆசிரியரா சேர்க்கலாம். அத்தை தன் பிளாக்லயே அம்மாவைச் சேர்த்து விட்டாங்க. "அண்ணி, யாருக்கும் சொல்ல வேண்டாம், எழுதிப் பாருங்க." அம்மாவோட முதல் பதிவு மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் பத்தி. வீடே தூங்கும், அந்த நேரம் மட்டும் அவங்களோடது.

ரொம்ப வருஷம் கழிச்சு நான் கேட்டேன், "எதுக்கும்மா எழுதினே?" அம்மா சொன்ன பதில் இன்னும் எனக்குள்ள சுத்திக்கிட்டிருக்கு. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து யாரும் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. தாத்தாவுக்கு 'அம்மாடி', அத்தைக்கு 'அண்ணி', எனக்கு 'அம்மா', அப்பாவுக்கு 'இந்தா பாரு'. கமெண்ட்லதான் முன்பின் தெரியாதவங்க அவங்க பேரைப் போட்டு, 'நல்லா எழுதியிருக்கீங்க'ன்னு எழுதினாங்க.

இதெல்லாம் சுமுகமாவே நடந்துச்சுன்னு நினைச்சிடாதீங்க. 2009-ல அத்தை பாட்டியைப் பத்தி ஒரு பதிவு போட்டாங்க. பாட்டி நல்லா படிக்கிற பொண்ணு. தம்பி படிக்கணும்னு அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. இவ்வளவுதான். அந்தத் தம்பி குடும்பத்துல ஒருத்தர் கண்ணுல பட்டுடுச்சு. போன் வந்துச்சு. "வீட்டு விஷயத்தை ஊருக்கே ஒலிபரப்பிட்டீங்களே"ன்னு ஒரே சத்தம். அப்பா ஆடிப்போயிட்டார். ஒரு கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடல. அத்தை அழுதுகிட்டே பதிவைத் தூக்கி மறுபடி டிராஃப்ட்ல போட்டுட்டாங்க. வீட்ல எழுதுறதே அத்தோட முடிஞ்சிருக்க வேண்டியது. தாத்தாவே, "போதும், எல்லாரும் நிறுத்திக்கலாம்"னுட்டார்.

இத்தனை கலாட்டாவுலயும் பாட்டிகிட்ட மட்டும் யாரும் எதுவும் கேட்கல. ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களே கேட்டாங்க: "என்னதான் எழுதினே? படி, கேக்கறேன்." அத்தை படிச்சாங்க. பாட்டி முழுசாக் கேட்டுட்டு, "அஞ்சாவது இல்லடி. ஆறாவது. ஆறாவதுல மூணு மாசம் போனேன். அதைத் திருத்திப் போடு."

திருத்திப் போட்டாங்க. உறவுக்காரங்க ரெண்டு வருஷம் பேசல, அப்புறம் பேசினாங்க. ஆனா ஒண்ணு, அன்னைக்கு அத்தை பண்ணது எனக்கு இன்னமும் தப்பாத்தான் படுது. போடறதுக்கு முன்னாடியே பாட்டிகிட்ட படிச்சுக் காட்டியிருக்கணும். சொந்தக்காரங்களைப் பத்தி எழுதுற யாருக்கும் நான் சொல்றது இது ஒண்ணுதான்: உறவுமுறை கோவிச்சுக்குமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, யாரோட கதையோ அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. தப்பு இருந்தா அவங்க திருத்துவாங்க. வேண்டாம்னா நிறுத்திடணும்.

அதுக்கப்புறம் பாட்டியும் சொல்ல ஆரம்பிச்சாங்க. முதல்ல அம்மா கேட்டு எழுதுவாங்க. 2017-ல கூகுள் குரல்வழி தட்டச்சு தமிழுக்கு வந்ததும் பாட்டி கையில போனைக் குடுத்துட்டோம். மூச்சு வாங்க நிறுத்தினா அதுவும் கேட்கறதை நிறுத்திடும். "இது என்னடா, நடுவுல எழுந்து போயிடுது"ன்னு திட்டுவாங்க. கமா, முற்றுப்புள்ளி எதுவும் வராது. தாத்தா உட்கார்ந்து சரி பண்ணுவார். ரெண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்து நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்ல.

2019-ல தாத்தா போயிட்டார். வாட்ஸ்ஆப் குடும்பக் குழு ஏற்கனவே எல்லாத்தையும் தின்னுட்டிருந்துச்சு. மாமா, சித்தி எல்லாரும் அதுல இருக்காங்க, காலையில பூப்படம் வரும், கட்டைவிரல் காட்டுவோம், முடிஞ்சுது. நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா தாத்தா எழுதின மாதிரி ரெண்டு பக்கத்தை அந்தக் குழுவுல போட்டா, நடுவுல யாரோ 'காஸ் வந்துடுச்சா'ன்னு கேட்பாங்க.

2023-ல கூகுள் அறிவிச்சது: ரெண்டு வருஷம் யாரும் உள்ள நுழையாத தனிநபர் கணக்கை, அதுல இருக்கிறதோட சேர்த்து அழிக்கலாம்னு. டிசம்பர்ல ஆரம்பம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. தாத்தா கணக்கைத் திறந்து நாலு வருஷம் ஆச்சு. பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. பிளாக்ல வேற யாரையும் அட்மினா சேர்க்கவும் இல்ல. நான்தான் ஒன்பது வயசுல திறந்தேன், அந்த அறிவு எனக்கு எங்க இருந்துச்சு? மூணு நாள் பரண்ல தேடினோம். அந்தப் பழைய பதில் நோட்டுல, கடைசிப் பக்கத்துல சிவப்பு மையில இருந்துச்சு. பாட்டி பேரும், கல்யாணம் ஆன வருஷமும்.

உங்க வீட்ல யாராவது எழுதுறாங்கன்னா இன்னைக்கு ராத்திரியே மூணு வேலை பண்ணுங்க. அந்த பிளாக்ல இன்னொருத்தரை அட்மினா சேருங்க. செட்டிங்ஸ்ல போய் பேக்கப் எடுங்க; எல்லாப் பதிவும் கமெண்ட்டோட இறங்கும். கூகுள் கணக்குல 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்'னு ஒண்ணு 2013-ல இருந்தே இருக்கு. கணக்கு நீண்ட நாள் சும்மா கிடந்தா யாருக்குத் தகவல் போகணும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

அம்மாவை எழுத வைக்கிறது எப்படின்னு கேட்ட நண்பருக்கு: பிளாக் ஓப்பன் பண்ணிக் குடுக்காதீங்க. நீங்க எழுதி, அவங்க கண்ணுல படற இடத்துல வெச்சுட்டு வாங்க. அவங்க ஒரு வரியைத் திருத்தினா, அந்தத் திருத்தத்தை ஏத்துக்கோங்க.

எங்கப்பா மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல. பேக்கப் எடுத்து, "தாத்தா எழுதினது மொத்தமும் இந்த ஃபைல்ல இருக்குப்பா"ன்னு காட்டினேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இதை பிரிண்ட் எடுக்க முடியுமா?"ன்னார்.

எடுத்துக்கிட்டிருக்கோம். அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.