குருதிக்குழாய் மருத்துவரை எங்குத் தேடுவது?

காலில் நீலநிறமாய் முறுக்கேறிப் புடைத்துத் தோன்றும் குழாய்களை நம் நாட்டார் 'நரம்புச் சுருட்டல்' என்பர். தமிழ் பயிலும் எமக்கு இவ்வழக்கு வியப்பைத் தருவதாகும். நரம்பு என்னுஞ் சொல் யாழின் தந்தியையும் உணர்த்தும். உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையையும் உணர்த்தும். உலக வழக்கிலோ குருதி ஓடும் குழாயையும் உணர்த்துகின்றது. இக்குழப்பத்தால் விளையும் தீங்கு சிறிதன்று. தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரில், காலில் இரத்தவோட்டங் குன்றிய ஒருவர் நரம்புக் கோளாறெனக் கருதி நரம்பு மருத்துவரை நாடிக் காத்திருப்பாராயின், காலத்தையேயன்றிக் காலையும் இழக்க நேரலாம்.

இதயத்தினின்று குருதியைக் கொண்டுசெல்வது தமனி. இதயத்திற்கு மீட்டுக் கொணர்வது சிரை. இதயத்தினுள்ளும் மூளையினுள்ளும் உள்ளவை நீங்கலாக, ஏனைய குழாய்களின் அடைப்பு, வீக்கம், காயம் ஆகியவற்றைச் செப்பனிடுபவரே குருதிக்குழாய் அறுவை மருத்துவர். இக்கலை மிகப் பழையதன்று. 1894 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுத் தலைவர் கார்னோ லியோன் நகரிற் குத்துண்டு இறந்தார்; அறுபட்ட பெருஞ்சிரையைத் தைக்க அக்காலத்து மருத்துவர் அறிந்திலர். அந்நகரத்து இளைஞரான அலெக்சிஸ் காரெல் பூத்தையல் வல்ல ஒரு பெண்மணியிடம் நுண்தையல் பயின்று, குழாயைத் தைக்கும் முறையை வகுத்தார். 1912 இல் நோபெல் பரிசும் பெற்றார். ஊசித்தொழிலை எளிதென எண்ணுவார் இதனை ஓர்க.

சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் தணிதல், ஆறாத நீரிழிவுப் புண், ஒருகால் மட்டும் வீங்குதல் ஆகியவை இவரை நாடற்குரிய குறிகள். பீடி, சுருட்டுப் புகைப்பார் இன்னுங் கருத்தாயிருத்தல் வேண்டும். கால் திடீரென வெளிறிக் குளிர்ந்து கடுநோவு தருமாயின் மருத்துவரைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துள் அடைப்பை நீக்காவிடில் தசை அழியத் தொடங்கும். உடனே 108 ஐ அழைத்தல் வேண்டும்.

அவசரமில்லாதபோது, முதலில் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வதே முறை. பாதத்து நாடியைத் தொட்டுப் பார்க்கச் செலவொன்றுமில்லை. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்க வருவது 0.9 க்குக் குறையுமாயின் தமனியில் அடைப்புண்டென ஐயுறலாம். அடுத்தபடி, 2008 இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி. மேற்சிகிச்சை வேண்டுவார்க்கு வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை இராசீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இதற்கெனத் தனித்துறைகள் உள. கடத்தூரார்க்கு அணித்தான பொம்மிடி நிலையத்தின் இருப்புப்பாதை ஒருபுறம் சேலத்திற்கும், மறுபுறம் காட்பாடி வழியே சென்னைக்கும் செல்கின்றது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உடையார், தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமாவென்று முன்னரே வினவுக.

தனியாரிடஞ் செல்வோர் பெயர்ப்பலகையை மட்டும் நம்பற்க. பொது அறுவைப் படிப்பின்மேல் குருதிக்குழாய்த் துறையில் எம்.சிஎச். அல்லது அதற்கொத்த பட்டம் உண்டாவென்று பார்க்க வேண்டும். மருத்துவ மன்றப் பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கவும் இயலும். விரலையோ காலையோ எடுக்கவேண்டுமெனக் கூறப்படின், "குழாயைப் படமெடுத்துப் பார்த்தாயிற்றா? அடைப்பை நீக்க வழியுண்டா?" என்று வினவ அஞ்சற்க. நஞ்சேறிய புண்ணாயின் எடுத்தலே உயிர் காக்கும். அல்லாதவிடத்து இவ்வினா ஒரு காலைக் காக்கக்கூடும்.

பழைய மருந்துச் சீட்டுகளையும் படங்களையும் உடன் கொண்டுசெல்க. புண் உடையார் தாம் நாடோறும் அணியுஞ் செருப்பையே அணிந்து செல்வது நன்று. அது கடித்த இடத்தையும் மருத்துவர் காண்பார்.