கை சொல்வதைக் கியர் கேட்குமா?

மோட்டார்க் காரைப் புகழ்வோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் புகழ்வர். அன்றேல் அதன் வடிவழகைப் புகழ்வர். சாரதியின் கைக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஓடும் மெல்லிய தண்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும், ஒரு காரை ஓட்டுவது இன்பமா துன்பமா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது அத்தண்டேயாகும். நல்ல எஞ்சினும் நல்ல கியர்ப்பெட்டியும் வாய்த்திருந்தும், இடையில் நின்ற தண்டின் குறையினாற் பழிச்சொற் கேட்ட கார் ஒன்று உண்டு. அதன் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

தண்டின் கடமை

எமது தெருக்களில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர்க் காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் முன்னே இருக்கிறது. எஞ்சினுக்குப் பின்னால், சாரதியின் காலருகே, கியர்ப்பெட்டி. ஆதலின் கையிலுள்ள கியர் லீவர் பெட்டியின் மேலிருந்தே எழுகின்றது. கைக்கும் பற்சில்லுக்கும் இடையே தூதுவர் வேண்டியதில்லை. கை சொல்வதைக் கியர் நேரே கேட்கின்றது.

எஞ்சினைச் சாரதிக்குப் பின்னால் வைத்துவிட்டால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. லீவர் முன்னே, பெட்டி பின்னே. இரண்டையும் நீண்ட தண்டு ஒன்றினால் இணைக்கவேண்டும். அத்தண்டு ஒன்றல்ல, இரண்டு செய்திகளைச் சுமந்து செல்லவேண்டும் என்பதை மாணவர் கவனிக்க. லீவரை இடமோ வலமோ சாய்க்கும்போது தண்டு தன் அச்சிலே சற்றுத் திரும்புகிறது. எந்தக் கியர்ச் சோடி வேண்டும் என்பதை அது தெரிவிக்கிறது. லீவரை முன்னோ பின்னோ தள்ளும்போது தண்டும் நீளவாக்கில் நகர்கிறது. அச்சோடியுள் எந்தக் கியர் வேண்டும் என்பதை அது தெரிவிக்கிறது. முதலாவது செய்தி பிழைத்தால் இரண்டாவது செய்தி சரியாகச் சென்றும் பயனில்லை.

இரு நிறுவனங்களின் குழந்தை

நாம் கூறவந்த கார், போர்ஷே 914 என்பதாகும். மேற்கு ஜேர்மனியின் வோக்ஸ்வாகன், போர்ஷே ஆகிய இரு நிறுவனங்களும் கூடி ஆக்கிய இக்கார், 1969ஆம் ஆண்டில் பிராங்பேட் கண்காட்சியில் உலகின் முன் வைக்கப்பட்டது. 1976 வரை ஏறத்தாழ 119,000 கார்கள் வெளிவந்தன. பெரும்பாலானவற்றில் வோக்ஸ்வாகனின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. தொடக்கத்தில் அதன் வலு 80 பரிவலு. 914/6 எனப்பட்ட விலையுயர்ந்த வகையில் 110 பரிவலுவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது.

இக்காரின் சிறப்பு, எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னாலும் பின்னச்சுக்கு முன்னாலும் வைக்கப்பட்டமையே. பாரம் நடுவே அமைந்தமையால் வளைவுகளில் அது அழகாகத் திரும்பியது. ஆனால் நன்மை ஒன்றை வாங்கும்போது விலை ஒன்று கொடுக்கவேண்டியிருக்கிறது அல்லவா? இங்கே அவ்விலையைக் கொடுத்தது கியர்த் தண்டு.

புதுக் கியர்ப்பெட்டி ஆக்குவது செலவு மிக்கது. எனவே போர்ஷே 911 காரின் பெட்டியையே எடுத்துப் பயன்படுத்தினர். 911இல் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கும். கியர்ப்பெட்டி அதற்கு முன்னால், தன் மூக்கைச் சாரதியின் பக்கம் நீட்டியவண்ணம் இருக்கும். லீவரிலிருந்து வரும் தண்டு நேரே அம்மூக்கினுட் புகும். 914இலோ எஞ்சின் முன்னும் பெட்டி பின்னுமாக யாவும் தலைகீழாயின. பெட்டியைத் திருப்பி வைத்தபோது, முன்னிருந்த மூக்கு காரின் வாற்புறத்தை நோக்கியது. அவ்வாறே விட்டால் கார் முன்னோக்கி ஒரு கியரிலும் பின்னோக்கி ஐந்து கியர்களிலும் ஓடியிருக்கும்! பெரிய பற்சில்லை மறுபக்கத்துக்கு மாற்றி அக்குறையைத் தீர்த்தனர். ஆனால் தண்டு புகும் வாசல் வாற்புறத்திலேயே நின்றுவிட்டது.

வால் வழியும் பக்க வழியும்

இதனால் 1970 முதல் 1972 வரையான கார்களில் தண்டு நெடும் பயணம் செய்யவேண்டியதாயிற்று. ஆசனங்களுக்கிடையிலிருந்து புறப்பட்டு, தடுப்புச் சுவரைத் துளைத்து, எஞ்சினைக் கடந்து, கியர்ப்பெட்டியையும் முற்றாகக் கடந்து, அதன் கடைசி நுனியிற் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரரைக் காண வந்தவர் முன்வாயிலைக் கடந்து, வளவைச் சுற்றி, அடுப்படிக் கதவைத் தட்டுவது போன்றது இது. இம்முறையை வால் வழி எனலாம்.

வழியிலுள்ள மூட்டுகளில் சிறு பிளாஸ்ரிக் புஷ்கள் பொருத்தப்பட்டிருந்தன. கார் புதிதாயிருக்கும்வரை அவை தம் கடமையைச் செய்தன. எஞ்சினின் வெப்பமும் தெருப் புழுதியும் சேர்ந்து அவற்றைத் தேய்த்தபின், லீவர் கூழ்ப்பானையில் அகப்பை திரிவதுபோலத் திரிந்தது.

சிறு தேய்வு இவ்வளவு பெருந்தளர்ச்சியை உண்டாக்குமா எனின், நெம்புகோல் விதியை நினைவுகூர்க. லீவரின் கைப்பிடி, சுழலிடத்திலிருந்து கீழ்நுனியைப்போல ஐந்து மடங்கு தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கீழே 1 மில்லிமீற்றர்த் தளர்ச்சி கைப்பிடியில் 5 மில்லிமீற்றராகத் தோன்றும். மூன்று மூட்டுகளிலும் அவ்வளவு தேய்ந்தால் 15 மில்லிமீற்றர். இந்நிலையில் எந்தக் கியர் எங்கே என்று கை எவ்வாறு அறியும்?

1973ஆம் ஆண்டின் கார்களில் பொறியியலாளர் இக்குறையைத் திருத்தினர். தண்டு புகும் வாசலைப் பெட்டியின் பக்கவாட்டுக்கு மாற்றினர். பாதை குறுகியது, பெட்டியைச் சுற்றிச் செல்லும் வேலை ஒழிந்தது, கைக்குத் தெளிவு பிறந்தது. இது பக்க வழி. பற்சில்லுகள் பெரிதும் பழையனவே. கியர்களின் வரிசையும் பழையதே. ஆயினும் ஓட்டியவர்கள் வேறொரு காரை ஓட்டுவதுபோல உணர்ந்தனர். ஆறு சிலிண்டர்க் காரின் உற்பத்தியோ 1972உடன் நின்றுபோனமையால், கூடிய விலை கொடுத்தவர்களுக்கு இத்திருத்தம் கிட்டாமற் போயிற்று.

தளர்ச்சி தரும் கேடு

இது வெறும் சுகபோகம் பற்றிய பேச்சன்று. 914இன் கியர் வரிசையைச் சற்று மனத்திற் கொள்க. இடப்புறம் முன்னே பின்செல்லும் கியர், பின்னே முதலாம் கியர். நடுவே முன்னே இரண்டு, பின்னே மூன்று. வலப்புறம் முன்னே நான்கு, பின்னே ஐந்து. மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றுபவர் லீவரை வலப்புறம் சாய்த்து முன்னே தள்ளவேண்டும். தேய்ந்த புஷ்கள் அந்தச் சாய்வை விழுங்கிவிட்டால், தண்டு திரும்பாமலே நீளவாக்கில் நகரும். விழுவது நான்கு அன்று, இரண்டு!

இரண்டாம் கியரில் எஞ்சின் சுழலும் வேகம், நான்காம் கியரில் சுழல்வதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. நிமிடத்துக்கு 3,500 முறை சுழலவேண்டிய எஞ்சின், கிளச்சை விட்ட கணத்தில் 7,000க்கு இழுத்துச் செல்லப்படும். 80 பரிவலு எஞ்சின் தன் முழு வலுவையும் 4,900 சுழற்சியிலேயே தந்துவிடும்; 7,000ஐத் தாங்க அது ஆக்கப்பட்டதன்று. வால்வுகள் வளையும்; தண்டுகள் முறியும். பின்சில்லுகள் திடீரெனத் தடுக்கப்படுவதால், ஈரமான தெருவில் கார் வழுக்கிச் சுழலவுங் கூடும். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்ரிக் துண்டு ஒன்றின் தேய்வு, எஞ்சினையும் உயிரையும் ஒருங்கே ஆபத்தில் ஆழ்த்திவிடுகிறது.

பழையதா, புதியதா?

வால் வழிக் காரை இன்று வைத்திருப்பவர் முன்னே இரு வழிகள் உள்ளன. ஒன்று, 1973க்குப் பிந்திய பகுதிகளைத் தேடிப் பொருத்திப் பக்க வழியாக மாற்றுதல். மற்றது, பழைய அமைப்பையே வைத்துக்கொண்டு, புஷ்கள் யாவற்றையும் புதுப்பித்துத் தண்டைச் செம்மையாகச் சரிபார்த்தல். முதலாவது கைக்கு இனிது. ஆனால் கார் பிறந்த வடிவம் மாறிவிடும். நாள்தோறும் ஓட்டுபவருக்கு முதலாவதும், பழைமையைப் பேணுபவருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது எமது கருத்து. எவ்வழியாயினும், புஷ்களைப் பாராமல் கியர்ப்பெட்டியைக் கழற்றுவது மட்டும் அறிவுடைமையாகாது.

எஞ்சினை நடுவில் வைக்கும் எண்ணத்தைப் போர்ஷே நிறுவனம் கைவிட்டுவிடவில்லை. 1996இல் வந்த பொக்ஸ்டர்க் காரிலும் எஞ்சின் நடுவிலேயே இருந்தது. ஆனால் அங்கே நீண்ட தண்டுக்குப் பதிலாக இரண்டு கேபிள்கள் இடம்பெற்றன. இரு செய்திகளையும் இரு தூதுவர் பகிர்ந்துகொண்டனர். வளைந்தும் செல்லக்கூடிய கேபிளுக்கு வாசல் எப்பக்கம் என்பது பெருங்கவலையன்று.

பெருந்தேரின் அச்சாணியைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை கூறியதை மாணவர் பாடமாக அறிவர். 914இன் கதை அதற்கு ஒரு நல்லுரை. கியர் சரியாக விழாதபோது சிலர் சாரதியின் கையைப் பழித்தனர். வேறு சிலர் கியர்ப்பெட்டியைப் பழித்தனர். கை பிழைசெய்யவில்லை, பெட்டியும் பிழைசெய்யவில்லை. இரண்டுக்கும் இடையில், கண்ணிற் படாத இடத்திலே தேய்ந்துகொண்டிருந்த சிறு பொருளை எவரும் குனிந்து பார்க்கவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் ஒரு சொல் போய்ச் சேராதபோது, சொன்னவரையோ கேட்டவரையோ கடிந்துகொள்ளுமுன் நாமும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நன்று.